வானவர் கீதம் வரை

ஐம்பத்து மூன்று மணி நேரம் அந்தக் கீபோர்டு வாய் திறக்கக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் இரவு ஏழு மணிக்கு வானவர் கீதம் பாடும்போது கோயிலில் இருக்கிற மணியெல்லாம் ஒன்றாக அடிக்கும். பாட்டு முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். பிறகு மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். பாட்டு உண்டு, வாத்தியம் கிடையாது. சனிக்கிழமை நள்ளிரவுப் பூசையில் மறுபடியும் வானவர் கீதம் எடுக்கும்போதுதான் மணியும் கீபோர்டும் சேர்ந்து முழங்கும். அதுவரை சேசு கல்லறையில் இருக்கிறார்.

"சாவு விழுந்த வீட்டுல எவனாவது ரேடியோ போடுவானா?" என்பார் சேசுராஜ் வாத்தியார்.

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற சாலையில் இருக்கும் அந்தக் கோயிலில் பாட்டுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். கீபோர்டு வாசிப்பவள் அவர் மகள் ஜெனிட்டா. வியாழன் இரவு, புனிதர் சுரூபங்களை மூடியது போக மிஞ்சிய ஊதாத் துணியைக் கீபோர்டின் மேல் போர்த்திவிட்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். கீபோர்டிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அவர் தொட்டதே இல்லை. எதையும் சுவரில் வைத்து நிறுத்துவதுதான் அவர் வழக்கம்.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து எல்லோரும் மர நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சேசுராஜ், கோயில் பாதிரியாரான பங்குச்சாமியிடம் அதைச் சொன்னார்.

"இந்த வருசம் பாஸ்கா புகழுரைக்குப் பென்டிரைவ் போட்டுருங்க சாமி."

பங்குச்சாமி இளவயதுக்காரர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். "என்ன சார் இப்படிச் சொல்றீங்க? இத்தனை வருஷமா நீங்கதானே பாடுறீங்க?"

"தொண்டை சரியில்ல."

"நேத்து நல்லாத்தானே பாடினீங்க?"

"நேத்து நேத்தோட போச்சு. நான் இருட்டுல நின்னு பத்து நிமிசம் கத்துறேன். எல்லாப் பயலும் எப்படா முடியும், எப்படா வெடி போடுவாகன்னு நிக்கான். பென்டிரைவ்ல பாடுறவரு நல்ல குரலு சாமி. ஏசி ரூமுல நின்னு பாடியிருப்பாரு."

பங்குச்சாமி சிரித்தார். தன் குரல் சைக்கிள் பிரேக் மாதிரி என்பது அவருக்கே தெரியும். அதனால் தானே பாடிவிடுகிறேன் என்று அவர் வாய் தவறியும் சொல்லவில்லை.

ஜெனிட்டா சிறுபருப்புத் துவையலைச் சும்மா விரலால் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

பாஸ்கா புகழுரை என்பது வருடத்துக்கு ஒரே ஒரு தரம் பாடுவது. சனிக்கிழமை இரவு கோயிலுக்கு வெளியே தீ மூட்டி, அதிலிருந்து ஆள் உயர மெழுகுதிரி ஒன்றைப் பற்றவைத்து, இருண்ட கோயிலுக்குள் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்தத் திரிக்குப் பக்கத்தில் நின்று அந்த இரவையே வாழ்த்திப் பாட வேண்டும். அப்போது மின்விளக்கு கிடையாது, மணி கிடையாது, கீபோர்டு கிடையாது. ஒரு மனிதனின் தொண்டை மட்டும். ஜெனிட்டாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஈஸ்டர் என்றால் அதுதான். புதுச்சட்டை, கறிச்சோறு, கம்பெனிக்காரர்கள் இனாமாகக் கொடுக்கிற வாணவெடி எல்லாம் அதற்குப் பிறகு.

அண்ணனுக்கும் அப்படித்தான்.

அண்ணன் பெயர் சாலமன்ராஜ். அந்தப் பெயரை வீட்டில் சொல்லி ஏழு வருடம் ஆகிறது. சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. அப்பா சொல்வதில்லை, அதனால் ஜெனிட்டாவும் சொல்வதில்லை. அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் அதற்கெல்லாம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கீபோர்டு முதலில் அவனுடையது. மதுரையில் காலேஜ் படிக்கும்போது எங்கேயோ ஜாஸ் கேட்டுவிட்டு வந்தான். அதற்கப்புறம் அவன் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. காணிக்கைப் பாட்டில் ஒரு இடத்தில் பிந்துவான், இன்னொரு இடத்தில் முந்துவான். பாடுகிறவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். பங்குத் திருவிழா அன்று கோயில் நிறைந்து வழிந்தது. நன்மை வாங்கும் நேரம்; நற்கருணை அப்பத்துக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் மனப்பாடமான பழைய பாட்டு. அதன் கடைசி அடியில், பாட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், அவன் வேறு நாலைந்து கட்டைகளைச் சேர்த்து அழுத்தினான். முடிந்துவிட்டது என்று மூடிய வாய்கள் மறுபடி திறந்தன. பாட்டு முடியவில்லை. வாசல் வரை வந்துவிட்டு உள்ளே கால் வைக்காமல் நின்றது. வரிசையில் நின்ற கிழவி ஒருத்தி, சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்க, கையை நீட்ட மறந்து கீபோர்டையே பார்த்தாள்.

சேசுராஜ் பீடத்துப் பக்கமிருந்து நேரே நடந்து வந்து சுவரில் பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் அப்படியே பாதியில் செத்தது.

"கோயில் பாட்டுன்னா எல்லாரும் சேந்து பாடணும்லே," என்றார் வீட்டுக்கு வந்து. "நீ ஒருத்தன் வித்தை காட்ட, ஊரு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணுமா? சாராயக்கடைச் சத்தத்தைக் கொண்டாந்து நன்மை நேரத்துல வைக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

அதில் பாதி நியாயம் என்று ஜெனிட்டாவுக்கு இன்றும் படுகிறது. அந்தக் கிழவியின் நீளாத கையை அவளும் பார்த்தாள். மற்றப் பாதியை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அண்ணன் அடுத்த வாரம் சென்னைக்கு ரயிலேறினான். அங்கிருந்து கோவா. இப்போது வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில், குடிக்கிறவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஜாஸ் வாசிக்கிறான். அப்பா சொன்ன இடத்துக்கே போய்விட்டான் என்று நினைக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். அப்புறம் வராது.

போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின வாரம் வாட்ஸப்பில் கூப்பிட்டான்.

"ஏ ஜெனி, அப்பா புகழுரை பாடுறதைக் கேக்கணும். போனை எங்கனயாவது ஒளிச்சு வையேன்."

கீபோர்டு ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் போனைச் சாய்த்து வைத்தாள். அப்பா பாடி முடித்து, விளக்குகள் எரிந்து, வெடியெல்லாம் ஓய்ந்து அவள் போனை எடுத்துப் பார்த்தபோது அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மறுநாள்தான் பேசினான்.

"எனக்கு விசுவாசம் இருக்கான்னு மட்டும் கேக்காத."

"நான் எங்க கேட்டேன்?"

"அப்பா பாடுறப்ப இருக்கு ஜெனி. போனை வச்சதும் போயிருது. என்ன வியாதியோ."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் புத்தகத்துக்குப் பின்னால் போனது. அப்பா தியானப் பாடலை எடுக்கும்போது உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் கப்பல் அறையில் ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பான் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது. அந்த நேரங்களில் அவள் தவறு இல்லாமல் வாசித்தாள்.

பதிலுக்கு அவன் குரல் செய்திகள் அனுப்புவான். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில் பேசுவான். "அப்பா சொல்றது சரிதான், சாராயக்கடைச் சத்தம்தான். ஆனா ஜாஸ் பொறந்தது அங்கன இல்ல. அடிமையாப் பிடிச்சுட்டுப் போனவுக நம்ம ஊரு மாதிரி பருத்திக் காட்டுல வெயில்ல கெடந்து பாடுன சாமி பாட்டு இது. கோயில்ல பொறந்த புள்ளை. வளந்தப்புறம் கடைப் பக்கம் போயிருச்சு. போனாலும் அம்மா வீட்டுப் பேச்சு மாறல, கேட்டுப் பாரு."

கேட்டுப் பார்த்தாள். பட்டாசுக் கம்பெனியின் ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு கேட்டாள். அவள் வேதியியல் படித்தவள். மத்தாப்புக்கும் வாணவெடிக்கும் போகிற மருந்தைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. சிவப்பு சுலபம். நீலம்தான் படுத்தும். செம்பு உப்பில் வருவது. தீயின் சூடு கொஞ்சம் கூடினாலும் வெளுத்துப்போகும். அதைச் சொன்னபோது அண்ணன் சந்தோஷப்பட்டான். "அதேதான். இதுலயும் கூடக்கொஞ்சம் அழுத்துனா போயிரும்."

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அன்னைக்கு நீ கடைசியாப் பிடிச்சது என்ன?"

அவன் ஒவ்வொரு கட்டையாகச் சொன்னான். இடது கையில் இரண்டு, வலது கையில் மூன்று. "அதுக்கு அடுத்தாப்புல வீட்டுக்குத் திரும்புற மாதிரிதான் வச்சிருந்தேன். அதுக்குள்ள அப்பா வந்துட்டாரு."

ஐந்து கட்டைகளும் சேர்ந்து ஒலிக்கிற அந்தக் கார்டை அவள் கோயிலில் வாசித்ததே இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. நாளைக்குக் கப்பலில் முதல் கச்சேரிக்கு வேறு ஆளை உட்காரவைத்திருக்கிறேன், அப்பா ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முந்தி கூப்பிடு. அவள் 'சரி' என்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்பாவிடம் சொல்லிவிடலாம். சொன்னால், இத்தனை நாளும் என் முதுகுக்குப் பின்னாலா என்று ஞாயிற்றுக்கிழமைப் பாட்டையும் சேர்த்து விட்டுவிடுவார். எதையும் சுவரில் வைத்து நிறுத்துகிறவர். சொல்லாவிட்டால் நாளை ராத்திரி பென்டிரைவ் பாடும். எந்த ஊரிலும் கிடைக்கிற ஒரு குரலைக் கேட்கவா அவன் ஆளை உட்காரவைத்துவிட்டுக் காத்திருப்பான்? அப்பாவுக்குக் காபி கொண்டுபோய் வைத்தாள். "அப்பா" என்றாள். அவர் நிமிர்ந்தார். "சீனி போதுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பு, இரண்டு மணிக்குத்தான் வரும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். சித்திரை வெயிலில் கோயில் ஓடு காய்ந்தது. பெண்கள் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தரையைக் கழுவினார்கள். ஜெனிட்டா வேலைபார்க்கிற கம்பெனியில் மத்தாப்பு பெட்டி போடுகிற கற்பகம், படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கும்பிடுவது காளியம்மனை. ஆனால் ஈஸ்டருக்குப் பூக் கட்டுவதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மைக் செட் பலவேசம் வயரை இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"அண்ணாச்சி, வாத்தியாரு இன்னைக்குப் பாடலையாம்ல?" என்றாள் கற்பகம்.

பலவேசம் சட்டைப் பையைத் தட்டினான். "எல்லாம் இங்கன இருக்கு. சுண்டுவிரல் அம்புட்டுத்தான். பத்து நிமிசம் மூச்சு விடாமப் பாடும், தண்ணிகூடக் கேக்காது."

"ஆமா. அதுக்கு மால போடணும்னா எங்கனய்யா போட?"

கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். உள்ளே பூசை சாமான் அறையில் மெழுகுதிரிகளுக்கு அட்டை மாட்டிக்கொண்டிருந்த சேசுராஜுக்கு அது கேட்டிருக்கும். அவர் வெளியே வரவில்லை.

ஜெனிட்டா கீபோர்டைத் துடைக்கப் போனாள். ஊதாத் துணியை எடுத்து உதறி மடித்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கரண்ட் இல்லாத கோயிலில், வாய் திறக்கக் கூடாத நாளில், செத்த கட்டைகளின் மேல் விரல் வைப்பதில் என்ன பாவம்? அந்தத் திருவிழாப் பாட்டைத் தொடங்கினாள். கட்டைகள் அமுங்கி எழும் சத்தம் மட்டும், யாரோ பக்கத்து அறையில் வெங்காயம் நறுக்குவதுபோல, லேசாகக் கேட்டது. பாட்டு அவள் தலைக்குள் ஓடியது.

கண்ணை மூடிக்கொண்டாள். கடைசி அடிக்கு முந்தின அடி வந்தது. இன்றைக்கு என்ன நாள் என்று யோசித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பாட்டு உண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு உண்டு. இந்தச் சனிக்கிழமைக்கு ஒன்றும் கிடையாது. அவர் செத்ததும் நிஜம், எழும்பாததும் நிஜம். திரும்பி வருவார் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் வரவில்லை. அண்ணன் பிடித்த கார்ட் இந்த நாள்தான் என்று அவளுக்குப் பட்டது. வாசல் தெரிகிறது, கால் எடுத்து வைக்க முடியவில்லை. அதைச் சாராயக்கடையில் வாசித்தால் என்ன, கோயிலில் வாசித்தால் என்ன, அது சொல்வது ஒன்றுதான்.

இடது கையில் இரண்டு, வலது கையில் மூன்று. அழுத்தினாள்.

கோயில் முழுக்கச் சத்தம் விழுந்தது.

நான்கு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், வியாழக்கிழமை மணிகளோடு போட்டி போட வைத்த அதே சத்த அளவில், அந்தக் கார்ட் எழும்பி ஓட்டில் மோதி இறங்கியது. ஜெனிட்டா கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீபோர்டில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. பயத்தில் அவள் கை கட்டைகளை விட்டு எழாமல் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது.

தரை கழுவியவர்கள் நின்றார்கள். ஒருத்தி வாளியைத் தவறவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஏசு சாமி இன்னைக்கே எந்திரிச்சிட்டாரா?" என்றாள் கற்பகம் படியிலிருந்து. "நான் இன்னும் பூவே கட்டி முடிக்கலையே!"

"ஐயையோ, நாந்தான்," என்று பலவேசம் ஓடிவந்தான். "ராத்திரிக்குத் தயாரா இருக்கட்டும்னு பிளக்கைச் சொருகி வச்சேன் தாயி. ரெண்டு மணிக்கு வர்ற கரண்டு ஒரு மணிக்கே வரும்னு யாரு கண்டா? சுவிட்ச் ஆஃப்ல இருக்கும்னு நெனச்சேன்."

சுவிட்ச் எப்படி ஆஃபில் இருக்கும்? அதை யாரும் தொடவில்லையே.

சேசுராஜ் அறை வாசலுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு மெழுகுதிரி. அவர் ஜெனிட்டாவைப் பார்க்கவில்லை. நேரே சுவரை நோக்கி நடந்தார். அவர் பிளக்கின் மேல் கை வைத்ததை அவள் பார்த்தாள். கை அங்கேயே நின்றது. கார்ட் தேய்ந்துகொண்டே வந்தது.  கடைசியில் மின்விசிறிச் சத்தத்துக்குள் அது எப்போது போய்ச் சேர்ந்தது என்றே தெரியவில்லை.

அவர் பிளக்கை விட்டுவிட்டுக் கீபோர்டுப் பக்கம் வந்தார்.

"இதுல சுவிட்சு எங்கன இருக்கு?"

ஜெனிட்டா காட்டினாள். அவர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, கட்டைவிரலால் அமுக்கினார். சிவப்பு விளக்கு அணைந்தது.

"இதை ஒனக்கு யாரு சொல்லித் தந்தா பாப்பா?" மெதுவாகத்தான் கேட்டார். தரை கழுவுகிறவர்களுக்குக் கேட்டிருக்காது.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மடித்து வைத்த ஊதாத் துணியை மறுபடி பிரித்தாள்.

"சாரு," என்றான் பலவேசம் தூரத்திலிருந்து, நிலைமையைச் சகஜமாக்குகிற குரலில். "அதான் கரண்டு வந்துருச்சே. பென்டிரைவை ஒரு தடவ போட்டுப் பாத்துருவமா? ராத்திரி மக்கர் பண்ணுச்சுன்னா என்னைத்தான ஏசுவீக."

"போடு," என்றார் சேசுராஜ்.

"வேண்டாம்."

அந்தக் குரல் யாருடையது என்று பலவேசம் சுற்றுமுற்றும் பார்த்தான். கோயிலில் இத்தனை வருடமும் ஜெனிட்டா தலையசைத்துத்தான் பேசியிருக்கிறாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. அப்பா பாடுவாங்க."

சேசுராஜ் சிரிக்க முயன்றார். "என்ன பாப்பா நீயி. சாமிகிட்டச் சொல்லியாச்சு."

"நீங்க பாடுங்கப்பா."

"தொண்டை சரியில்லன்னேன்ல?"

"தொண்டை நல்லாத்தான் இருக்கு."

அவர் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகுதிரியின் அட்டையை மேலும் கீழும் நகர்த்தினார். "போன வருசம் பாடுறப்பவே பாத்தேன்," என்றார். "பாவமெல்லாம் மன்னிக்கிற ராத்திரின்னு நான் பாடுறேன். எனக்கே அது ஒட்டல. வாய் பாடுது, அம்புட்டுத்தான். முன்னால நிக்கவன் எல்லாம் போனைப் பாத்துக்கிட்டு நிக்கான்." வெளியே லோடு வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தார். "நான் பாடி யாரு பாப்பா கேக்கப் போறா?"

ஜெனிட்டா பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால், வழக்கமாகப் போன் சாய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை.

"அண்ணன் கேக்கான்ப்பா," என்றாள். "நம்ம சாலமன் அண்ணன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கேக்கான்."